பிலிப்பைன்ஸ் பெண்கள் இத்தாலிய வீட்டு வேலைக்கு எளிதில் பழகிவிடுவது அவர்களுடைய பணிவினாலா?

மிலானில் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்யப் போவதாகவும், அங்கே பிலிப்பைன்ஸ் பெண்களையே விரும்பி வைத்துக்கொள்வதாகக் கேள்விப்பட்டதாகவும் எழுதி, அவர்கள் இயல்பிலேயே பணிவானவர்கள் என்பதுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். 'இயல்பிலேயே' என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிலிப்பைன்ஸைச் சேர்ந்தவள் அல்ல, யாழ்ப்பாணத்தவள். அவர்களைப் பற்றிப் பேச உனக்கு என்ன உரிமை என்று யாரேனும் கேட்கலாம். 2001 முதல் பதினொரு ஆண்டுகள் மிலானில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில் ஒரு மூதாட்டியைப் பராமரித்தேன். இரண்டாம் மாடி வீட்டில் வேலை செய்தவர் பிலிப்பைன்ஸின் பத்தாங்காஸ் மாகாணத்து மபினி ஊர்க்காரர். இத்தாலியில் உழைத்த பணத்தில் இத்தாலியப் பாணி வீடுகள் எழுந்து, 'குட்டி இத்தாலி' என்றே பெயர் பெற்றுவிட்ட ஊர் அது. அங்கே தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்தவர். அக்காவை அவர்கள் மொழியில் 'ஆத்தே' என்பார்கள்; நானும் அப்படியே அழைத்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு மாடிப்படியில் கண்டதும் கேட்டதும்தான்.

ஆத்தேக்கு வேலை கடினமாக இருக்கவில்லை. தக்காளிச் சாற்றில் இனிப்புச் சேர்த்து ஸ்பகெட்டி சமைத்துப் பழகிய கை, பாஸ்தாவைச் சற்று விறைப்பாக வேகவிட்டு எடுக்க ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டது. பெரியவர்களோடு பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் 'போ' என்று மரியாதைச் சொல் சேர்ப்பவர் என்பதால், வீட்டுத் தலைவியான சின்யோராவை 'லேய்' என்ற இத்தாலிய மரியாதைச் சொல்லால் அழைப்பதும் இயல்பாகவே வந்தது. அந்த வீட்டின் ஏழு வயதுச் சிறுவன் தம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுதான் அவரை முதல் நாளே குத்தியது. அக்கா என்றோ அத்தை என்றோ சேர்க்காமல் மூத்தவர் பெயரைச் சொல்வது எங்களுக்கும் பொறுக்காத ஒன்று என்பதால், அதை அவர் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

வாய் திறந்து மறுத்துப் பேசுவதுதான் அவருக்கு உண்மையில் கடினமாக இருந்தது. துணிகளை அயன் செய்து முடித்த சூட்டோடு குளிர்ந்த நீரில் கை வைத்தால் 'பாஸ்மா' வரும், கை நடுங்கும், நரம்பு புடைக்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. சின்யோராவோ அயன் வேலை முடிந்த கையோடு பாத்திரம் கழுவச் சொல்வார். ஆத்தே காரணம் சொல்லாமல் ஏதாவது சாக்கில் நேரத்தைக் கடத்துவார். சோம்பல் என்று பெயர் வந்தது. ஒரு நாள், ஈரத் தலையோடு வெளியே போனால் காற்று அடித்துவிடும் என்று சின்யோரா மகனைத் தடுத்து நிறுத்தியபோது, இதுவும் அதைப் போன்றதுதான் என்று ஆத்தே சொல்லிவிட்டார். அதன்பின் அயன் வேலை இரவுக்கு மாறியது.

வியாழக்கிழமை விடயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. வீட்டில் தங்கி வேலை செய்பவருக்கு வாரத்தில் 36 மணி நேர ஓய்வு உண்டு: ஞாயிறு முழுவதும், மற்றொரு நாளில் 12 மணி நேரமும். அந்த மற்றொரு நாள் வழக்கமாக வியாழன் பிற்பகலில்தான் தொடங்கும். ஆத்தேயின் மகளை வரவழைப்பதற்கான பத்திரங்களுக்காகச் சின்யோரா அலைந்து உதவியிருந்தார். அந்த நன்றிக்கடனை அவர்கள் 'ஊத்தாங் நா லோஓப்' என்பார்கள். திருப்பிக் கொடுத்துத் தீராத கடன் அது. அதனால், வியாழக்கிழமைகளில் விருந்தினர் வரத் தொடங்கியபோது அவரால் மறுக்க முடியவில்லை. பதினான்கு மாதங்கள் அவருக்கு அந்த அரைநாள் கிடைக்கவில்லை. நீ எங்கள் குடும்பத்தில் ஒருத்தி என்று சின்யோரா சொன்னது பொய்யில்லை என்றே நம்புகிறேன். ஆனால் அந்தச் சொல்தான் அவர் வாயை மேலும் அடைத்தது.

ஒரு கட்டத்தில் ஆத்தே பேச்சை நிறுத்திவிட்டார். 'தாம்போ' என்பார்கள், மனம் நொந்தவர் ஒதுங்கி மௌனமாக இருப்பார், மற்றவர் அதைப் புரிந்துகொண்டு வந்து சமாதானப்படுத்த வேண்டும். ஒரு வாரம் கழித்துச் சின்யோரா கேட்டது, உனக்கு உடம்புக்கு முடியவில்லையா என்பதைத்தான். அன்று இரவு ஆத்தே படிக்கட்டில் அமர்ந்து அழுதார். மறுநாள் காலை, சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைக் கழற்றி மேசையில் வைத்தார். இழந்த ஒவ்வொரு வியாழனிலும் பென்சிலால் சிறு சிலுவைக் குறி இட்டிருந்தார். சின்யோரா கத்திய கத்தல் நான்காம் மாடி வரை கேட்டது. நான் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அரை மணி நேரத்தில் அவரே காப்பி போட்டுக் கொண்டுவந்து எதிரே அமர்ந்தாராம். வியாழன் திரும்பக் கிடைத்தது. இழந்த நாள்களுக்கான பணமும் அந்த டிசம்பரில் 'த்ரெதிச்சேசிமா' எனும் பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தோடு வந்து சேர்ந்தது.

அந்தப் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் பிலிப்பைன்ஸில் 1975இலேயே சட்டமாகிவிட்டது. ஆனால் வீட்டுப் பணியாளர்களுக்கு அது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கிடைத்தது. ஆசிரியையாக அதை வாங்கியவர், இத்தாலியில் பணிப்பெண்ணாக அதைக் கேட்டு வாங்கத் தயங்கியிருக்கிறார். இத்தாலியப் பேச்சில் 'ஃபிலிப்பீனா' என்றாலே வேலைக்காரி என்று பொருள்படும்படி ஒரு நாட்டுப் பெண்களின் பெயரையே ஆக்கிவைத்திருக்கும்போது, அந்தத் தயக்கத்தை இயல்பான பணிவு என்று நாமும் சேர்ந்து சொல்வது எனக்கு வலிக்கிறது.

எல்லாச் சின்யோராக்களும் காப்பியோடு வருவதில்லை என்பதை அறிவேன். இதைவிடக் கொடிய வீடுகளில் இருந்தவர்கள் என்மேல் கோபப்பட்டால் அதுவும் நியாயமே. நீங்கள் போகும் வீடு எப்படியிருந்தாலும், முதல் மாதத்திலேயே வேலை நேரத்தை நாள்தோறும் எழுதி வையுங்கள். தங்கி வேலை செய்பவருக்கு வாரத்துக்கு 54 மணி நேரம்தான் உச்ச வரம்பு. போக இடம் இல்லாவிட்டாலும் வியாழன் பிற்பகல் வெளியே போய்விடுங்கள். ஆத்தேயும் நானும் அந்தப் பிற்பகல்களில் கதீட்ரல் சதுக்கத்துப் படிகளில் சும்மா உட்கார்ந்திருப்போம்.