பாட்டிலில் பொங்கினால் போதுமா?

மீன் தொட்டி: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு தொட்டிச் செடிகளுக்கு வீட்டிலேயே கார்பன் டை ஆக்சைடு தயாரிப்பது பற்றித்தான். சிலிண்டரும் ரெகுலேட்டரும் விற்கிற விலைக்கு அதில் ஆச்சரியமில்லை. மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.

இரண்டடித் தொட்டி வைத்திருக்கிறேன். ஈஸ்ட் பாட்டிலில் இருந்து குமிழ் தாராளமாக வருகிறது. ஆனாலும் ரோட்டாலாச் செடி வளரவில்லை, கரைந்த வாயுவின் அளவை நிறத்தில் காட்டும் டிராப் செக்கரும் நீலமாகவே இருக்கிறது. சர்க்கரையை இரண்டு மடங்காக்கலாமா? (மதுரை வாசகர்)

வேண்டாம். உங்களுக்கு வாயு குறையவில்லை, அது கரையவில்லை. தொட்டிக்குள் டியூபின் முனையில் என்ன மாட்டியிருக்கிறீர்கள் என்று எழுதவில்லையே? சாதாரணக் காற்றுக் கல் என்றால் விஷயம் அங்கேதான். மிளகு பருமனில் கிளம்புகிற குமிழ் ஓரிரு நொடியில் மேலே போய் உடைந்துவிடும். ஈஸ்ட் உழைத்த உழைப்பெல்லாம் உங்கள் வரவேற்பறைக் காற்றில் கலக்கிறது.

டியூபின் முனையைத் தொட்டிக்குள் இருக்கும் ஃபில்டரின் உறிஞ்சும் வாயில் செருகிவிடுங்கள். உள்ளே சுழலும் இறக்கை குமிழை நறுக்கிப் பொடிப்பொடியாக வெளியே தள்ளும். வெளியேறும் தண்ணீரில் மெல்லிய மூட்டம்போல் தெரிந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அதே ஃபில்டரில் காற்றை இழுக்கும் சின்னக் குழாய் இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். ஒரு பக்கம் கரைத்துக்கொண்டே மறுபக்கம் விரட்டக் கூடாது. குமிழைப் பொடியாக்கக் கடையில் விற்கும் கண்ணாடி டிஃப்யூசரை நான் ஈஸ்ட் பாட்டிலுக்குச் சொல்வதில்லை. அதிலுள்ள பீங்கான் தட்டைத் தாண்ட நல்ல அழுத்தம் வேண்டும். அதற்குள் உங்கள் பாட்டில் மூடி எங்காவது கசியத் தொடங்கிவிடும்.

அடுத்தது டிராப் செக்கர். அதற்குள் தொட்டித் தண்ணீரையே ஊற்றியிருக்கிறீர்களா? பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அதில் இருக்க வேண்டியது கார்பனேட் கடினத்தன்மை, அதாவது கரைந்த கார்பனேட், பைகார்பனேட் உப்புகளின் அளவு, சரியாக 4 டிகிரி உள்ள திரவம். அந்தத் திரவம் பச்சையானால் தொட்டியில் லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம் வாயு கரைந்திருக்கிறது என்று பொருள். 12 டிகிரி உள்ள போர்வெல் தண்ணீரை ஊற்றினால் அதே பச்சை வர 90 மில்லிகிராம் வேண்டும். அது வருவதற்குள் மீன்கள் மூச்சுத் திணறி மேலே வந்துவிடும். நிறம் மாறவும் ஓரிரு மணி நேரம் பிடிக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துப் பயனில்லை.

இரண்டு மடங்கு சர்க்கரைக்கு வருவோம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று பாதியை வாயுவாகவும் மீதியை ஆல்கஹாலாகவும் விடுகிறது. ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 200 கிராம் சர்க்கரை முழுவதும் புளித்தால் ஆல்கஹால் எட்டு சதவிகிதத்தைத் தாண்டும். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டுக்கு அதுவே ஏறக்குறைய எல்லை. இன்னொரு 200 கிராம் போட்டால் அது வெறும் பாகாகப் பாட்டிலிலேயே கிடக்கும்.

மூடியில் டியூபை எந்தப் பசையால் ஒட்டினாலும் கழன்றுவிடுகிறதே? (ஈரோடு)

சோடா பாட்டில் மூடி பாலிஎத்திலீன் ரகம். பசை அதில் பிடிக்காது. பசையே இல்லாமல் செய்யலாம். டியூபின் பருமனைவிட ஒரு நூல் சிறியதாக, காய்ச்சிய ஆணியால் மூடியில் துளை போடுங்கள். டியூபின் நுனியைப் பேனா முள்போலச் சாய்வாக நறுக்கி, துளையில் நுழைத்து, அடுத்த பக்கத்திலிருந்து இடுக்கியால் இழுங்கள். கொஞ்சம் மல்லுக்கட்டும், விடாதீர்கள். அப்படி இறுகியதுதான் கசியாது. மாட்டியபின் சோப்பு நுரையைத் தடவி, டியூபின் முனையை ஒரு விநாடி மடித்துப் பிடித்தபடி பாட்டிலை அமுக்கிப் பாருங்கள். நுரை ஊதினால் மூடியை மாற்றி மறுபடி செய்ய வேண்டியதுதான்.

சித்திரை வந்தால் என் பாட்டில் ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. ஊட்டியில் இருக்கும் தங்கை வீட்டில் மூன்று வாரம் வருகிறது. ஒரே அளவில்தான் போடுகிறோம். (அம்பத்தூர் வாசகி)

ஒரே அளவில் போடுவதுதான் பிரச்சினை. கோடையில் இட்லி மாவு எத்தனை மணிக்குப் பொங்குகிறது, மார்கழியில் எத்தனை மணிக்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கேயும் அதே கதைதான்.

சென்னை வெயிலுக்கு என் அளவு இது. இரண்டு லிட்டர் பாட்டிலில் சர்க்கரை 200 கிராம், ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர், கால் டீஸ்பூன் ஈஸ்ட், அரை டீஸ்பூன் சமையல் சோடா. குளிர்காலம் என்றால் ஈஸ்ட் அரை டீஸ்பூன். கழுத்து வரை தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரைக்கு இடம் வேண்டும். முதல் குமிழ் வர அரை நாள் ஆகலாம். உடனே வரவில்லையே என்று இன்னொரு ஸ்பூன் ஈஸ்ட் போடுகிறவர்களுக்குத்தான் மூன்றாம் நாள் எல்லாம் அடங்கிவிடுகிறது.

இன்னும் நீட்டிக்க வேண்டுமா? கடல்பாசி வாங்குங்கள், பலகாரத்துக்குப் போடுவோமே, அதுதான். சர்க்கரையை அதோடு காய்ச்சிப் பாட்டிலின் அடியில் உறைய விட்டு, ஆறியபின் மேலே ஈஸ்ட் தண்ணீரை ஊற்றுங்கள். சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரைந்து வரும், ஈஸ்ட்டும் நிதானமாகத் தின்னும்.

அதைவிட முக்கியம், ஒரு பாட்டிலை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு வைத்து டி-இணைப்பில் சேருங்கள். இந்த ஞாயிறு ஒன்று, அடுத்த ஞாயிறு மற்றொன்று என மாற்றி மாற்றிப் புதுப்பித்தால் ஒன்று ஓயும்போது மற்றது முழு வேகத்தில் இருக்கும். வாயு குறைவாக இருப்பதைக்கூடச் செடி பொறுத்துக்கொள்ளும். இன்று நிறைய, நாளை ஒன்றுமில்லை என்றால் இலை விளிம்பில் கருப்புத் தாடிபோல ஒரு பாசி வந்து உட்காரும். அதைத் துரத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

காலையில் பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மதியம் சரியாகிவிடுகிறது. (தஞ்சாவூர்)

விளக்கு அணைந்ததும் செடிகளும் மீன்களைப்போலவே ஆக்சிஜனை எடுத்துக் கார்பன் டை ஆக்சைடை விடத் தொடங்கும். ஈஸ்ட்டுக்கு ராத்திரி, பகல் தெரியாது. இரண்டும் சேர்ந்து விடிவதற்குள் தண்ணீரில் வாயு ஏறிவிடுகிறது. தண்ணீரில் அது அதிகமாக இருந்தால் மீனின் ரத்தத்தில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு செவுள் வழியாக இறங்காது. காற்று பம்ப்பை ஒரு டைமரில் மாட்டி, விளக்கு அணையும்போது ஓடும்படி வையுங்கள். இரவில் காற்றுக் கல் மேல்பரப்பைக் கலக்கி, கூடுதல் வாயுவை வெளியேற்றிவிடும்.

ராத்திரிக்குப் பாட்டில் டியூபை இறுக்கி மூடிவிடலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஈஸ்ட் நிற்காது, அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். சோடா பாட்டில் ஓரளவு தாங்கும்படி செய்தது, அதற்கும் எல்லை உண்டு. கண்ணாடி பாட்டிலை இந்த வேலைக்குத் தொடவே தொடாதீர்கள். இரவில் வாயு வேண்டாம் என்றால் டியூபைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துத் திறந்தபடி தொங்க விடுங்கள், போதும்.

ஊர் போய்த் திரும்பியபோது தொட்டித் தண்ணீர் பால்போல வெளுத்திருந்தது. ஒரே புளித்த வாடை. மாமியார் கள்ளுக்கடை என்கிறார். (நாகர்கோவில்)

மாமியார் சொல்வது ஏறக்குறைய சரி! நுரை பொங்கி டியூப் வழியாகத் தொட்டிக்குள் போயிருக்கிறது. சர்க்கரையும் ஆல்கஹாலும் கிடைத்தால் பாக்டீரியா பெருகும், அந்த வெளுப்பு அதுதான். ஆக்சிஜனும் கூடவே இறங்கும் என்பதால் முதலில் காற்று பம்ப்பைப் போடுங்கள். பாதித் தண்ணீரை இன்று மாற்றுங்கள், நாளை இன்னொரு பங்கு. இனிமேல் பாட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவே பாதித் தண்ணீர் ஊற்றிய ஒரு சின்னப் பாட்டிலை வையுங்கள். ஈஸ்ட் பக்கத்து டியூப் அதன் தண்ணீருக்குள் முங்கட்டும், தொட்டிக்குப் போகும் டியூப் மேலே காற்றிலேயே நிற்கட்டும். நுரை அங்கேயே தங்கிவிடும், குமிழையும் எண்ணிக்கொள்ளலாம். தொட்டிப் பக்கம் ஒரு செக் வால்வும் (ஒரு திசையில் மட்டும் போக விடுவது) அவசியம். இல்லாவிட்டால் பாட்டில் குளிரும்போது தொட்டித் தண்ணீர் பின்னோக்கி இறங்கி வீட்டுத் தரைக்கு வந்துவிடும்.

குழந்தை தூங்கும் அறையில் இந்தப் பாட்டில் இருக்கலாமா? (சேலம்)

ஒரு மனிதர் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடை மூச்சாக விடுகிறார். உங்கள் பாட்டில் தன் ஆயுள் முழுவதும் தருவது நூறு கிராம்தான். பயப்பட ஒன்றுமில்லை. குழந்தையின் கைக்கு மட்டும் எட்ட வேண்டாம்.

என்னிடம் அனுபியாசும் ஜாவா ஃபெர்னும் மட்டும்தான். நானும் பாட்டில் வைக்கட்டுமா? (காரைக்குடி)

தேவையே இல்லை. அந்த இரண்டும் மெதுவாக வளர்கிற சாதி, மீன் விடுகிற மூச்சே அவற்றுக்குப் போதும். சர்க்கரையைக் காபிக்கு வைத்துக்கொள்ளுங்கள். விளக்கை மட்டும் எட்டு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள்.