இன்டர்வியூ முடிந்து ஏழு மாதம்: குடியுரிமைக்காக அமெரிக்க அரசு மேல் வழக்குப் போடலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். கலிஃபோர்னியாவில் சன்னிவேலில் இருக்கிறோம். குடியுரிமைக்கு என்-400 விண்ணப்பம் போட்டு, இந்த வருடம் பிப்ரவரி 11 அன்று இன்டர்வியூ முடிந்தது. ஆங்கிலம், வரலாறு இரண்டு தேர்விலும் பாஸ். ஆனால் அதிகாரி கொடுத்த தாளில் "இப்போது முடிவு சொல்ல இயலாது" என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தது. இன்றோடு ஏழு மாதம் ஆகிவிட்டது. போன் பண்ணினால் "பரிசீலனையில் இருக்கிறது" என்ற ஒரே பதில்தான். என் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர், விசாவில் எஃப்.என்.யூ. என்று வந்தது. அதைப் பற்றி இன்டர்வியூவில் இரண்டு தடவை கேட்டார்கள். அப்பா போன வருடம் தவறிவிட்டார். 74 வயதில் அம்மா பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறார். நான் சிட்டிசன் ஆனால்தான் அவரைக் கூப்பிட்டுக்கொள்ள முடியும். கோர்ட்டுக்குப் போகலாம் என்று தோழி சொல்கிறாள். என் கணவரோ, "அரசாங்கத்தோட எதுக்கு வம்பு, இருக்கிற கிரீன் கார்டுக்கும் ஆபத்து வந்துடும்" என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

போகலாம். ஜூன் 12-ஆம் தேதியிலிருந்தே உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது.

அந்தத் தேதி எப்படி வந்தது என்று சொல்கிறேன். அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 8-ஆம் தலைப்பில் 1447(பி) என்றொரு பிரிவு இருக்கிறது. குடியுரிமைப் பரிசோதனை நடந்த நாளிலிருந்து 120 நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால், விண்ணப்பித்தவர் தான் வசிக்கும் பகுதியின் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தை அணுகலாம் என்கிறது அது. பிப்ரவரி 11-லிருந்து எண்ணினால் ஜூன் 11-ஆம் தேதி 120-வது நாள். மறுநாள் காலையிலிருந்து கதவு திறந்துவிட்டது. இதற்கு யாரிடமும் முன் அனுமதி வாங்க வேண்டாம். குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் யூ.எஸ்.சி.ஐ.எஸ். துறைக்குள் மேல்முறையீடு செய்துவிட்டு வர வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. முதல்முறை என் அலுவலகத்துக்கு வரும் நம் குடும்பங்கள் எல்லாம் இதே வார்த்தையைத்தான் சொல்கின்றன. அவருக்கு ஊர்க் கணக்கில் விளக்கிப் பாருங்கள். பட்டா மாறுதலுக்கு மனு கொடுத்து, தாசில்தார் அலுவலகம் மாதக்கணக்கில் பதில் சொல்லாவிட்டால் நம் ஊரில் என்ன செய்வார்கள்? மதுரைக் கிளையில் ரிட் போடுவார்கள். "பட்டாவைக் கொடு" என்று நீதிபதி சொல்வது அபூர்வம். "மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடு" என்றுதான் பெரும்பாலும் உத்தரவு வரும். அதைத் தாசில்தாரோடு போட்ட சண்டை என்று யாரும் சொல்வதில்லை. இங்கேயும் அதேதான். பார்க்கப் போனால் உங்கள் நிலை அதைவிட பலமானது, ஏனென்றால் இங்கே நாடாளுமன்றமே நாள் கணக்கைச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது. வழக்குப் போட்டார் என்ற காரணத்துக்காகக் குடியுரிமையை மறுக்கவோ கிரீன் கார்டைத் தொடவோ சட்டத்தில் இடமில்லை.

ஆனால் அவர் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு நான் மேலே போக மாட்டேன்.

வழக்கு பதிவானதும் தூங்கிக்கொண்டிருந்த உங்கள் கோப்பை அரசு வக்கீல் ஒருவர் எடுத்து, முதல் பக்கத்திலிருந்து படிப்பார். கோப்பு சுத்தமாக இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. ஏதாவது சிக்கல் இருந்தால், நீங்களே போய் அதை எழுப்பிவிட்டதாகிவிடும். அதனால் வழக்குக்கு முன்னால் ஒரு மாலை உட்கார்ந்து உங்களையே விசாரியுங்கள். கைதானது உண்டா, பிறகு தள்ளுபடி ஆகியிருந்தாலும்? வருமான வரி எல்லா வருடமும் கட்டியாயிற்றா? ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தீர்களா? அப்பா காரியத்துக்குப் போனபோது எத்தனை நாள் தங்கினீர்கள்? கிரீன் கார்டு வாங்கித் தந்த கம்பெனியில் உண்மையிலேயே வேலை பார்த்தீர்களா? வாகனத் துறையான டி.எம்.வி.யில் லைசென்ஸ் எடுத்தபோது வாக்காளர் பதிவுக் கட்டத்தைத் தெரியாமல் டிக் செய்தீர்களா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலரும் சாதாரணமாக நினைக்கிறார்கள். சிட்டிசன் அல்லாதவர் வாக்காளர் பட்டியலில் இருப்பது குடியுரிமையை மட்டுமல்ல, கிரீன் கார்டையே காவு வாங்கக்கூடிய விஷயம். இவற்றில் ஒன்றுக்காவது இடிக்கிற பதிலோ "சரியாக ஞாபகம் இல்லை" என்ற பதிலோ வந்தால், வழக்கைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் ஒரு குடியேற்ற வக்கீலிடம் கோப்போடு போய் உட்காருங்கள். அரசிடம் இருக்கும் உங்கள் குடியேற்றக் கோப்பின் (ஏ-ஃபைல்) நகலைத் தகவல் சுதந்திரச் சட்டப்படி ஆன்லைனில் இலவசமாகக் கேட்டு வாங்கலாம்.

இனி உங்கள் பெயர் விஷயம். தாமதத்துக்கு அதுதான் காரணம் என்று இங்கிருந்து நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நம்மவர் கோப்புகளில் இது அடிக்கடி தலைகாட்டுகிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர், கொடுத்த பெயர் என இரண்டும் இருக்கும் என்பது இங்குள்ள கணினிகளின் எதிர்பார்ப்பு. ஒற்றைப் பெயர் வந்தால் முதல் பெயர் தெரியவில்லை என்ற பொருளில் எஃப்.என்.யூ. என்று போட்டுவிடுவார்கள். பிறகு ஒருவர் கிரீன் கார்டில் அப்பா பெயரைச் சேர்த்திருப்பார், சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் இன்ஷியல் இருக்கும், வங்கியில் கணவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். எஃப்.பி.ஐ. பெயர்ச் சோதனை நடக்கும்போது இத்தனை வடிவங்களையும் தேட வேண்டியிருக்கும். எங்கோ எவர் பெயரோடோ ஒத்துப்போனாலும், அது நீங்கள் இல்லை என்று ஒரு மனிதர் பார்த்துச் சொல்லும் வரை கோப்பு நகராது. அதனால் நீங்கள் இதுவரை பயன்படுத்திய எல்லாப் பெயர் வடிவங்களையும் ஒரே தாளில் எழுதி, எந்த ஆவணத்தில் எது இருக்கிறது என்று எதிரே குறித்து, நகல்களோடு வைத்துக்கொள்ளுங்கள். கோர்ட்டிலும் அது உதவும்.

"பின்னணிச் சோதனை முடியவில்லை, ஆகவே 120 நாள் இன்னும் தொடங்கவே இல்லை" என்று அரசுத் தரப்பு வாதாடியதுண்டு. 2005-இல் வர்ஜீனியாவில் ஒரு நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் பெரும்பாலான நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. பரிசோதனை என்றால் இன்டர்வியூ நடந்த அந்த ஒரு நாள்தான், கணக்கு அன்றே தொடங்கிவிட்டது என்பதே பெரும்பான்மைக் கருத்து. 2007-இல் ஐந்தாவது சர்க்யூட் (வட்டார) மேல்முறையீட்டு நீதிமன்றம் வால்ஜி வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. பின்னணிச் சோதனை முடிந்த பிறகுதான் இன்டர்வியூவுக்கே கூப்பிட வேண்டும் என்று துறையின் விதியே சொல்கிறது. முன்கூட்டிக் கூப்பிட்டது அவர்கள் செயல். அதற்கு நீங்கள் காத்துக் கிடக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

கலிஃபோர்னியாவில் இருப்பதால் உங்களுக்கு இன்னொரு பலமும் உண்டு. 1447(பி) வழக்கு பதிவான பிறகு முடிவெடுக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே, துறை தன் இஷ்டத்துக்கு முடிவை அறிவிக்க முடியாது என்று 2004-இல் ஒன்பதாவது சர்க்யூட் ஹோவ்செபியன் வழக்கில் தீர்ப்பளித்தது. கலிஃபோர்னியா அந்தச் சர்க்யூட்டுக்குள்தான் வருகிறது. வழக்குப் போட்ட கோபத்தில் மறுநாளே "மறுக்கப்பட்டது" என்று கடிதம் வந்துவிடுமோ என்று கணவர் கவலைப்பட்டால், இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

நடைமுறைக்கு வருவோம். சன்னிவேல், சாண்டா கிளாரா கவுண்டியில் இருப்பதால் உங்கள் கோர்ட், வட கலிஃபோர்னியா மாவட்ட நீதிமன்றம். பதிவுக் கட்டணம் 405 டாலர். வக்கீல்கள் பெரும்பாலும் மொத்தமாக ஒரு தொகை பேசிக்கொள்வார்கள். அது சில ஆயிரம் டாலர் வரும். வக்கீல் இல்லாமல் நீங்களே நடத்தவும் சட்டம் இடம் தருகிறது, அப்படி வருபவர்களுக்கென்று அந்த நீதிமன்றம் ஒரு கையேடே வெளியிட்டிருக்கிறது. கோப்பில் எந்தச் சிக்கலும் இல்லை, ஆங்கிலத்தில் எழுதப் படிக்கத் தயக்கமில்லை என்றால் நீங்களே செய்ய முடியாத காரியம் அல்ல இது. ஆனாலும் மனுவைப் பதிவு செய்யும் முன் ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் காட்டிவிடுங்கள் என்பேன்.

மனு பத்துப் பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. நீங்கள் யார், எப்போது விண்ணப்பித்தீர்கள், எந்தத் தேதியில் இன்டர்வியூ, 120 நாள் எப்போது முடிந்தது, என்ன வேண்டும். அவ்வளவுதான். அதிகாரி கொடுத்தாரே ஒரு தாள், அதன் பெயர் என்-652. அதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று இப்போதே எழுந்து போய்ப் பாருங்கள். தேர்வில் பாஸ் என்று ஒரு கட்டம், முடிவு சொல்ல இயலாது என்று இன்னொரு கட்டம், இன்டர்வியூ நடந்த தேதி, கீழே அதிகாரியின் கையெழுத்து. உங்கள் வழக்கின் முதுகெலும்பே அந்த ஒற்றைத் தாள்தான். அதோடு விண்ணப்ப ரசீது, இன்டர்வியூ அழைப்பு, நீங்கள் அனுப்பிய விசாரணைகள், அவற்றுக்கு வந்த பதில்கள்.

பிரதிவாதிகளாக அட்டர்னி ஜெனரல், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர், யூ.எஸ்.சி.ஐ.எஸ். இயக்குநர், உங்கள் பகுதி அலுவலக இயக்குநர் ஆகியோரைச் சேர்ப்பது வழக்கம். சம்மனும் மனுவும் இவர்களுக்குப் போவதோடு, வட கலிஃபோர்னியாவின் யூ.எஸ். அட்டர்னி அலுவலகத்துக்கும் தனியாகப் போக வேண்டும். இந்த இடத்தில்தான் தாமாக வழக்குப் போடுபவர்கள் பலர் சறுக்குகிறார்கள். அந்த உறைகளை நீங்களே சேர்ப்பிக்கக் கூடாது. 18 வயது நிரம்பிய, வழக்கில் தரப்பாக இல்லாத வேறொருவர்தான் செய்ய வேண்டும். உங்கள் கணவர் செய்யலாம். தபால் நிலையத்தில் சர்டிஃபைட் மெயிலில் போட்டு, ஒவ்வொரு உறையிலும் பச்சை நிற ஒப்புகை அட்டையை ஒட்டச் சொல்லுங்கள். கையெழுத்தாகித் திரும்பி வரும் அந்த அட்டைகளைப் பத்திரப்படுத்தி, சேர்ப்பித்ததற்கான சான்றைக் கோர்ட்டில் தாக்கல் செய்யுங்கள். பதிவான நாளிலிருந்து 90 நாளுக்குள் இந்த வேலை முடிய வேண்டும். யூ.எஸ். அட்டர்னி அலுவலகத்துக்குக் கிடைத்த நாளிலிருந்து பதில் தர அரசுக்கு 60 நாள்.

அந்த 60 நாளுக்குள்தான் பெரும்பாலும் காரியம் நடக்கும். அரசு வக்கீல் துறைக்குப் போன் போடுவார், ஏழு மாதம் அசையாத கோப்பு அசையும். நீதிபதி தானே விசாரித்துக் குடியுரிமையை முடிவு செய்யலாம், அல்லது கெடு விதித்துத் துறைக்கே திருப்பி அனுப்பலாம். நடைமுறையில் திருப்பி அனுப்புவதுதான் அதிகம். "விண்ணப்பத்தை ஏற்கத் தயார், வழக்கைத் திருப்பி அனுப்பச் சம்மதியுங்கள்" என்று அரசு வக்கீலே உங்களைக் கேட்பார். சம்மதிக்கலாம். ஆனால் எத்தனை நாளுக்குள் முடிவு, எத்தனை நாளுக்குள் உறுதிமொழி விழா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வாய் வார்த்தையை நம்பி வழக்கை வாபஸ் வாங்கிவிட்டு மறுபடியும் முதல் படியில் வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். விண்ணப்பம் ஏற்கப்பட்டாலும் உறுதிமொழி எடுக்கும் வரை நீங்கள் சிட்டிசன் இல்லை என்பதை மறக்காதீர்கள். வக்கீல் செலவை அரசிடமிருந்து வாங்கலாம் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். சட்டம் இருக்கிறது, ஆனால் உத்தரவு வருமுன் அரசு தானாக வேலையை முடித்துவிட்டால் அது கிடைப்பது கஷ்டம். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது இன்டர்வியூவே இன்னும் வரவில்லை என்றால், மேலே சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. 120 நாள் கணக்கு இன்டர்வியூவுக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் இருப்பது, கடமையைச் செய்யும்படி துறைக்கு உத்தரவிடக் கோரும் மாண்டமஸ் வழி. தாமதம் நியாயமற்றது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். 180 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வாசகம் உண்டு. ஆனால் அது நாடாளுமன்றத்தின் விருப்பமாக எழுதப்பட்டதே தவிர, கட்டாயம் அல்ல. சில மாதத் தாமதத்துக்கு அந்த வழியில் போவதை நான் ஆதரிப்பதில்லை.

உங்களுக்கே திரும்பவும் வருகிறேன். இந்த வாரமே யூ.எஸ்.சி.ஐ.எஸ். தளத்தில் எழுத்து மூலம் ஒரு விசாரணை போடுங்கள். உங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்தில் தனியுரிமை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்து, அவர்களையும் கேட்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் சேர்த்து 30 நாள் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பதில் வராவிட்டால் மனுவைப் பதிவு செய்யுங்கள். இதற்கிடையில் அம்மாவைப் பார்க்கப் போகலாம், ஆனால் எந்தப் பயணமும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. வீட்டுக்கு வரும் தபாலைக் கணவர் அன்றன்றே பிரித்துப் பார்க்கட்டும்.

போகும்போது ஒரு வேலையை முடித்துவிட்டு வாருங்கள். அம்மாவுக்கு விண்ணப்பிக்க உங்கள் குடியுரிமைச் சான்றிதழோடு, உங்கள் பெயரும் அம்மா பெயரும் உள்ள உங்கள் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். சிட்டிசனின் பெற்றோருக்கு வருடாந்தர எண்ணிக்கை வரம்பு இல்லை, அதனால் ஆவணம் தயாராக இருந்தால் சான்றிதழ் கைக்கு வந்த அன்று இரவே உறவினருக்கான ஐ-130 மனுவைப் போட்டுவிடலாம். நம் தலைமுறைக்காரர்கள் பலருடைய பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரே இருக்காது, வெறும் "பெண்" என்று மட்டும் இருக்கும். உங்களுடையதும் அப்படித்தானா என்று அம்மாவிடம் பீரோவிலிருந்து எடுத்துப் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். பெயர் இல்லையென்றால் சேர்க்க முடியுமா என்று பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். சேர்க்கும்போது உங்கள் கிரீன் கார்டில் உள்ள எழுத்துகள் அப்படியே வருகிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள்.