பெட்டி அடிக்க முன் பிளக்கைப் பாருங்கள்

சென்ற இதழில், ரிவியோடு பொருத்தி விளையாடும் பழைய வீடியோ கேம் கருவிகளைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களால், வானொலி, மிக்சி பழுதுபார்ப்பது பற்றி வருகிற வழக்கமான கடிதங்களை ஓரமாக வைக்கும்படி ஆயிற்று. இம்முறை மூன்று கேள்விகளும் அதைப் பற்றியே.

கோண்டாவில் வாசகர் ஒருவர்: கனடாவிலிருந்து வந்த மாமா, தான் சிறுவயதில் விளையாடிய நின்டென்டோ என்.இ.எஸ். கருவியைப் பிள்ளைகளுக்கென்று தந்துவிட்டுப் போனார். வீட்டில் பழைய 21 அங்குலக் குழாய் ரிவி ஒன்று சும்மா கிடக்கிறது. இரண்டையும் வைத்து, நின்றபடி விளையாடும் ஆர்கேட் பெட்டி ஒன்று செய்ய ஆசை. தச்சரிடம் அளவு கொடுக்க முன் என்ன பார்க்க வேண்டும்? அடப்டருக்கு 230 வோல்ட்டை 110 ஆக்கும் டிரான்ஸ்போமர் வாங்கவா?

அடப்டரை நீங்கள் இன்னும் சுவரில் செருகவில்லை என்று தெரிகிறது. செருகியிருந்தால் கேள்வி வேறு மாதிரி வந்திருக்கும். தொழில் பழகிய காலத்தில், கனடாவிலிருந்து வந்த கசற் ரேடியோ ஒன்றை, முதுகில் எழுதியிருந்ததை வாசிக்காமல் நான் செருகினேன். வாசலில் காத்திருந்த உரிமையாளருக்கு, நான் வாய் திறக்க முன்னரே கருகல் மணம் செய்தியைச் சொல்லிவிட்டது.

கனடாவில் 120 வோல்ட், 60 சைக்கிள் (மின்சாரம் நொடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்ற கணக்கு). நமக்கு 230 வோல்ட், 50 சைக்கிள். டிரான்ஸ்போமர் வோல்ட்டைக் குறைக்கும்; சைக்கிளை மாற்றாது. 60க்குச் சுற்றிய சுருள் 50இல் கூடுதலாகச் சூடேறும், அதுவும் மூடிய பெட்டிக்குள். அந்தச் செலவு வேண்டாம். கருவிக்குத் தேவை 9 வோல்ட்தான். மாமா தந்த அடப்டர் வெளியே விடுவது 9 வோல்ட் ஏ.சி., அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்; அதை ஒரே திசையில் ஓடும் டி.சி. ஆக்கும் டயோட்கள் கருவிக்குள்ளேயே இருக்கின்றன. ஆகையால் இங்கே விற்கும் 9 வோல்ட், 1.5 அம்பியர் டி.சி. அடப்டர் போதும். அதன் முனை துளைக்குள் சரியாகப் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். பிளஸ், மைனஸ் எப்படி இருந்தாலும் இந்தக் கருவிக்குப் பிழையில்லை. ஆனால் அந்தப் பழைய அடப்டரை ஜப்பானிய ஃபமிகொம்முக்கோ செகா மெகா டிரைவுக்கோ மறந்தும் கொடுக்காதீர்கள். அவை டி.சி. மட்டுமே கேட்பவை, ஏ.சி. போனால் பழுதாகிவிடும்.

அடுத்தது படம். மரம் வாங்க முன் இதைச் சோதியுங்கள். கனடாக் கருவி என்.டி.எஸ்.சி. முறையில் படம் அனுப்புகிறது. நம் ரிவிகள் பால் (PAL) என்ற வேறொரு முறைக்கானவை. அன்ரனா துளை வழியாக முயன்றால் நாள் வீணாகும். கருவியின் வலப்பக்கத்தில் மஞ்சளும் சிவப்புமாக இரண்டு துளைகள் உண்டு: மஞ்சள் படத்துக்கு, சிவப்பு ஒலிக்கு. அவற்றை ரிவியின் ஏ.வி. துளைகளுக்குக் கொடுங்கள். நிறத்தோடு வந்தால் உங்கள் ரிவிக்கு அந்த இரண்டு பட முறைகளுமே தெரியும். கறுப்பு வெள்ளையாக வந்தாலோ, படம் உருண்டாலோ ரிவியின் மெனுவில் நிற முறையை மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் வேறு ரிவி தேட வேண்டியதுதான். பெட்டியின் எல்லா அளவும் ரிவியிலிருந்துதான் பிறக்கிறது.

இனித் தச்சரிடம் போகலாம். 18 மில்லிமீற்றர் பிளைவூட் கேளுங்கள். மலிவென்று சிப்போட் போட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊதிப் பெருக்கும். தரை கழுவும் தண்ணீர் தொடாதபடி இரண்டு அங்குலம் உயர்த்திக் கால் வையுங்கள். குழாய் ரிவியின் பாரம் எல்லாம் கண்ணாடிப் பக்கம், அதாவது முன்புறம். தட்டின் முன் ஓரத்துக்குத் தாங்கு சட்டம் அவசியம். வீட்டில் பனஞ்சிலாகை (பனைமரச் சட்டம்) துண்டு இருந்தால் அதைவிட உறுதியானது வேறில்லை. துளையிட்ட பிறகே ஆணி இறக்குங்கள். பெட்டியைச் சுவரோடு ஒரு கொளுக்கியால் பிணையுங்கள், பிள்ளைகள் தொங்கிப் பார்ப்பார்கள். முதுகுப் பலகையில் காற்றுத் துளைகளும், துளைகளுக்கு வலையும் வேண்டும். எனக்கு வந்த ரிவிகளில் பாதிக்குப் பல்லிதான் எமன்.

கருவியைத் திருகாணியால் இறுக்க வேண்டாம். இழுக்கிற தட்டில் வையுங்கள். விளையாட்டுக் கசற் மாற்ற முன்மூடி திறக்க இடம் வேண்டும். கையில் பிடித்து விளையாடும், பொத்தான்கள் உள்ள மாமாவின் கைப்பிடிகளையும் வெட்டாதீர்கள். அதே பிளக் உள்ள மலிவான நகல் கைப்பிடி ஒன்று வாங்கித் திறவுங்கள். நான்கு திசை, ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட் என எட்டுப் பொத்தான்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வயர், மொத்தம் ஒன்பது. அவற்றை, பெட்டியில் பொருத்தும் ஆர்கேட் தடியிலும் (ஜோய்ஸ்டிக்) பொத்தான்களிலும் உள்ள மைக்ரோ சுவிச்சுகளுக்குப் பற்றவைத்தால் முடிந்தது. எட்டுப் பொத்தான்களின் செய்தியையும் கைப்பிடிக்குள் இருக்கும் சிப், கடைக்கு முன் வரிசையில் நிற்பவர்களைப் போல ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வயரில் அனுப்பிவிடும். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் நம்முடையது. ஒன்பது வயர் ஒரு பொருட்டா?

மானிப்பாய் வாசகி: ரிவியின் பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றி, குழாயை மட்டும் பெட்டியில் பொருத்தினால் அழகாக இருக்குமே?

இருக்கும். வேண்டாம், பிள்ளை. நிறக் குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏறும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கக்கூடும். கூட்டோடு வைத்து, சுற்றிவரக் கறுப்பு மட்டை வெட்டி மறையுங்கள்.

சாவகச்சேரி வாசகர்: என்.இ.எஸ். கருவியின் வாத்துச் சுடும் விளையாட்டுக்குரிய துவக்கு புதிய எல்.இ.டி. ரிவியில் வேலை செய்யவில்லை. துவக்குப் பழுதா?

பெரும்பாலும் இல்லை. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து நின்ற இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகத் தெரியும். அந்த வெளிச்சத்தைத்தான் துவக்கின் கண் தேடுகிறது. தட்டை ரிவி அந்தப் படத்தைச் சற்றுப் பிந்திக் காட்டுகிறது. அதன் வெளிச்சம் குழாய் ரிவியின் வெளிச்சம் போலத் துடிப்பதுமில்லை. துவக்குக்குக் குழாய் ரிவிதான் வேண்டும்; பக்கத்து வீட்டில் யாராவது குழாய் ரிவியைப் பழைய இரும்புக்காரருக்குப் போடப் போகிறார்களா என்று விசாரியுங்கள்.