ஸ்பெக்ட்ரம் என்ற சொல் எங்கிருந்து வந்தது? வானவில்லுக்கும் 2ஜிக்கும் ஆட்டிசத்துக்கும் ஒரே சொல் ஏன்?

மூன்றும் ஒரே சொல்தான். ஆனால் அது பிறந்தபோது நிறத்தோடும் சம்பந்தமில்லை, அலையோடும் சம்பந்தமில்லை. லத்தீனில் ஸ்பெக்ட்ரம் என்றால் கண்ணுக்குத் தோன்றும் உருவம். பார்ப்பதைக் குறிக்கும் 'ஸ்பெகெரே' என்ற வினையிலிருந்து வந்தது. போலீஸ் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரும், மூக்கில் மாட்டும் ஸ்பெக்ஸும் அதே குடும்பம். டெலஸ்கோப்பில் உள்ள 'ஸ்கோப்' கிரேக்கத்திலிருந்து வந்தாலும் தூரத்துச் சொந்தம். மூல வேரில் இருந்த பகரமும் ககரமும் அங்கே இடம் மாறிவிட்டன. எங்கள் இராமநாதபுரம் பக்கம் மதுரையை மருதை என்றும் குதிரையைக் குருதை என்றும் சொல்லும் பெரியவர்களைக் கேட்டவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இந்தச் சொல்லின் பழைய வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம் ஒரு கிண்டல் கடிதம். பொருள்களின் மேலிருந்து மெல்லிய உருவங்கள் உரிந்து பறந்து வந்து நம்மைத் தொடுகின்றன, அதனால்தான் பார்க்கிறோம், நினைக்கிறோம் என்பது கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸின் கூட்டத்தாருடைய கொள்கை. அந்த உருவங்களுக்குக் கேட்டியஸ் என்பவர் லத்தீனில் வைத்த பெயர் 'ஸ்பெக்ட்ரா'. கி.மு. 45இல் ரோமானியப் பேச்சாளரும் எழுத்தாளருமான சிசரோ, அந்தக் கொள்கையில் நம்பிக்கை வைத்திருந்த தன் நண்பர் காசியஸுக்கு (ஆமாம், சீசரைக் கொன்றவர்களில் ஒருவரான அதே காசியஸ்தான்) எழுதும்போது இதை வம்புக்கு இழுக்கிறார்: நான் பிரிட்டன் தீவை நினைத்தால் அதன் உருவமும் பறந்து வந்து என் நெஞ்சில் விழுமா?

பிறகு 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இந்தச் சொல் ஆவி, பேய் என்ற பொருளில் புழங்கியது. பேயைக் குறிக்கும் 'ஸ்பெக்டர்' இதன் உடன்பிறப்பு. (பேய் என்றதும், 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியைப் 'பேய் நகரம்' என்று வீடியோ போடுகிறவர்கள் ஞாபகம் வருகிறது. அங்கே இன்றும் குடிசை போட்டு மீன் பிடிக்கிறவர்கள் பேயாகத் தெரிவதில்லை.)

அந்தப் பேயை இயற்பியலுக்குள் கொண்டுவந்தவர் நியூட்டன். இருட்டறை, ஜன்னல் கதவில் சின்ன ஓட்டை, அதன் வழியே வரும் வெயிலில் ஒரு முப்பட்டகம், 22 அடி தள்ளி எதிர்ச்சுவர். 1672இல் அச்சான அவருடைய கடிதத்தைப் படித்தால், அவரை உலுக்கியது நிறங்கள் அல்ல என்பது தெரியும். முப்பட்டகத்தில் நிறம் வருவது அதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வட்டமான சூரியனின் பிம்பம் சுவரில் வட்டமாக விழாமல், அகலத்தைப் போல ஐந்து மடங்கு நீளமாக விழுந்ததே அவருடைய பிரச்சினை. ஏன் நீண்டது? ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு அளவுக்கு வளைகிறது, அதனால் வெள்ளை ஒளி பிரிந்து வரிசையாகப் பரவுகிறது என்று முடிவுக்கு வந்தார். சுவரில் தோன்றிய அந்த நீண்ட உருவத்துக்குத்தான் ஸ்பெக்ட்ரம் என்று பெயர். 'தோற்றம்' என்ற பழைய பொருள் அப்படியே இருக்கிறது. 'பிரித்து வரிசையாகப் பரப்பியது' என்ற புதுப் பொருள் அதன் மேல் ஏறிக்கொண்டது. அடுத்து வந்த எல்லா அர்த்தங்களும் இந்த இரண்டாவது பொருளின் பிள்ளைகள்.

1800இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் சிவப்புக்கு வெளியே, ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார், சூடு ஏறியது. மறு வருஷம் ஜெர்மன் விஞ்ஞானி ரிட்டர் ஊதாவுக்கு அப்பாலும் கதிர் இருப்பதைக் காட்டினார். பார்வையிலிருந்து பிறந்த சொல் இப்படித்தான் பார்க்க முடியாததற்கும் பெயரானது.

பாம்பனில் விசைப்படகுகளின் வயர்லெஸ் செட் பழுது பார்ப்பது என் தொழில் என்பதால், பார்க்க முடியாத அந்தப் பக்கம்தான் எனக்கு அதிகப் பழக்கம். கடலில் ஆபத்து என்றால் கூப்பிடும் 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ், அலையின் நீளம் 2 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சிவப்பு ஒளிக்கு அது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. இரண்டும் ஒரே வகை அலை, ஒரே வரிசையில் வேறு வேறு இடம், அவ்வளவே. ஒரே சேனலில் இரண்டு படகுக்காரர்கள் மைக்கை அழுத்தினால் ஒருவர் பேச்சு அமுங்கும், அல்லது இரண்டும் கெடும். அதனால் இந்தத் துண்டு கப்பலுக்கு, இது விமானத்துக்கு, இது செல்போனுக்கு என்று பங்கு போட்டாக வேண்டும். பங்கு என்று வந்தால் பணமும் வரும். 2ஜி செல்போன் அலைவரிசைகளைப் பங்கு போட்டதில் ஊழல் என்று வழக்கு வந்தது அப்படித்தான். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் செல்போன் நிறுவனங்களின் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுவித்தது. இடைப்பட்ட காலத்தில், "தம்பி, ஸ்பெக்ட்ரம்னா ஊழலுக்கு இங்கிலீஷ் பேருதானே?" என்று படகு டிரைவர் அண்ணன் ஒருவர் என்னிடம் நிஜமாகவே கேட்டார்.

பல வகைக் கிருமிகளைக் கொல்லும் மருந்தைப் 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்பது, அரசியலில் இடது முதல் வலது வரை அடுக்குவது எல்லாம் இதே 'வரிசை'தான். கணிதத்தில் மட்டும் ஒரு வேடிக்கை நடந்தது. ஜெர்மன் கணித மேதை ஹில்பர்ட் தன் கணிதத்துக்கு ஸ்பெக்ட்ரம் என்ற பெயரைச் சும்மா எடுத்து வைத்தார். பிற்பாடு குவாண்டம் இயற்பியல் வந்தபோது, அணுக்களின் நிஜ ஸ்பெக்ட்ரத்தை விளக்க அதே கணிதமே தேவைப்பட்டது.

ஆட்டிசத்துக்கு வருவோம். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, அதுவரை தனித்தனிப் பெயரில் இருந்த சில நிலைகளை ஒன்றாக்கி 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்' என்றது. பலர் இதை 'கொஞ்சம் ஆட்டிசம், நிறைய ஆட்டிசம்' என்று அளவுகோலாகப் புரிந்துகொள்கிறார்கள். நியூட்டனின் சுவரில் சிவப்பு என்பது கம்மியான நீலம் இல்லையே! சரளமாகப் பேசும் ஒரு பிள்ளைக்கு மிக்சி சத்தம் தாங்க முடியாமல் இருக்கலாம். பேசாத இன்னொரு பிள்ளைக்கு அந்தச் சத்தம் ஒரு பொருட்டாகவே இல்லாமலும் இருக்கலாம். யாருக்கு 'அதிகம்' என்று இதில் எப்படிச் சொல்வது?

அப்புறம், தேர்வில் நிறமாலை என்று எழுதுவதா, அலைக்கற்றை என்று எழுதுவதா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒளிக்கு நிறமாலை, செல்போன் ஏலத்துக்கு அலைக்கற்றை. ரேடியோ அலைக்கு நிறமேது என்று தோன்றினாலும் பாடநூலில் 'மின்காந்த நிறமாலை' என்றே இருப்பதால் அப்படியே எழுதிவிடுங்கள், மதிப்பெண் குறையாது. ஆட்டிசத்துக்கு இந்த இரண்டுமே ஒட்டாது. அங்கே நான் ஸ்பெக்ட்ரம் என்றே எழுதுவேன்.