எங்கள் நிறுவனத்தின் டிஜிட்டல் மாற்றத் திட்டத்தில் 14 குறிக்கோள்கள் இருக்கின்றன. எதை வெட்டுவது?

"கிளவுடுக்கு மாறுதல்" (சொந்த சர்வருக்குப் பதில் இணையவழி வாடகை சர்வர்), "இஆர்பி புதுப்பித்தல்" (கணக்கு, சரக்கு, ஆர்டர் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் மென்பொருள்) இரண்டையும் முதலில் வெட்டுங்கள். நீங்கள் போட்டிருக்கும் 14-இல் பாதி குறிக்கோளே இல்லை, வாங்க வேண்டிய சாமான் பட்டியல். "ஆர்டர் வந்து பில் போக 9 நாள் ஆகிறது, அதை 3 ஆக்க வேண்டும்" என்பதுதான் குறிக்கோள். கிளவுட் அதற்கு ஒரு வழி, அவ்வளவே.

துறை துறையாகக் கேட்டுத் தொகுத்திருப்பீர்கள் போல. அப்படிக் கேட்டால் ஐடி சர்வர் கேட்கும், மார்க்கெட்டிங் ஆப் கேட்கும்.

ஒவ்வொரு வரியிலும் மென்பொருள் பெயரை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். ஒன்றும் மிஞ்சவில்லையா, தூக்கிவிடலாம். மிஞ்சியவற்றுக்கு இன்றைய அளவு என்ன, யார் பொறுப்பு என்று பக்கத்தில் எழுதுங்கள். (எல்லாவற்றுக்கும் ஐடி தலைவரே பொறுப்பு என்று வந்தால் அதுவும் கோளாறுதான்.)

சட்டக் கட்டாயம், தகவல் பாதுகாப்பு சார்ந்த வரிகளை இப்படி வெட்டாதீர்கள். அவற்றைத் தனிப் பட்டியலில் வையுங்கள்.