பல்பு வந்த ராத்திரி அம்மா சுவரைத்தான் பார்த்தார்

மின்சாரம் வருவதற்கு முன்னால் வீட்டில் இருட்டை எப்படிச் சமாளித்தார்கள், எந்த வேலை ரொம்பக் கஷ்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். பதினோரு வயது வரை அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவன் நான். இருட்டு சீக்கிரம் பழகிவிடும், தண்ணீர் சுமப்பதுதான் கடைசிவரை பழகாது.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆளுக்கு 20 லிட்டர் என்று கஞ்சத்தனமாகக் கணக்குப் போட்டாலும் ஐந்து பேருக்குத் தினமும் 100 கிலோ, அதுவும் கிணற்றில் இறைத்து இடுப்பில் சுமந்து. துவைக்கிற நாளில் கணக்கே வேறு. வெந்நீரில் ஊறவைத்து, அடித்துத் துவைத்து, இரண்டு தடவை அலசி முடிக்கிறவரை குடம் நடந்துகொண்டே இருக்கும், அந்த வெந்நீருக்கு விறகு தனி.

விளக்கு என் பொறுப்பு. அரிக்கேன் விளக்கு எரிவது ராத்திரி என்றாலும் அதற்கான வேலையெல்லாம் பகலில்தான். சின்னக் கைதான் சிம்னி என்கிற கண்ணாடிக் கூட்டுக்குள் நுழையும் என்பதால் அது பிள்ளைகள் தலையில் விழும். பழைய காகிதத்தில் சாம்பலைத் தொட்டுக் கரியைத் துடைத்து, திரியின் கருகிய நுனியை நேராக வெட்டி (கோணலாகிவிட்டால் சுடர் ஒரு பக்கம் கொம்பு மாதிரி எழும்பும், கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மறுபடி கறுப்பு), மண்ணெண்ணெய் ஊற்றி வைக்க வேண்டும். ஒருநாள் சூடு ஆறுவதற்குள் ஈரத்துணியை வைத்துவிட்டேன். கண்ணாடி 'டப்'பென்று விரிசல் விட்டது, அப்புறம் முதுகிலும் ஒன்று விழுந்தது.

கரி இஸ்திரிப் பெட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு பொறி பறந்தால் வெள்ளைச் சட்டை போச்சு.

சரி, மின்சாரம் வந்தது. 60 வாட் குண்டு பல்பு ஒன்றின் வெளிச்சம் சுமார் 800 லூமன் (வெளிச்சத்தை அளக்கிற அலகு), ஒரு மெழுகுவர்த்திக்கு ஏறக்குறைய 12, நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் விளக்கு மங்கினால் வேலையும் முடிந்துவிடும், பல்பு வந்தபின் கிழிந்த துணி தைப்பதெல்லாம் ராத்திரிக்குத் தள்ளிப்போனது. அம்மாவுக்கு அதில் என்ன லாபம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

முதல் ராத்திரி நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்து பல்பைப் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா மட்டும் சுவரைப் பார்த்தார். அத்தனை வருடப் புகையும் ஒட்டடையும் அப்படியே தெரிந்தது. விடிந்ததும் கழுவ உட்கார்ந்துவிட்டார், அதற்கு எட்டுக் குடம். கிணற்றுக்கு மோட்டார் வர இன்னும் ஆறு வருடம் ஆனது.