கம்பு நொய்க்குக் கை அரவை இயந்திரம் போதுமா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஆடி மாதக் கூழுக்குக் கம்பை வீட்டிலேயே உடைத்துக்கொள்ளலாம் என்று, மேசை விளிம்பில் பொருத்திக் கையால் சுற்றும் விலை குறைந்த வார்ப்பிரும்பு இயந்திரம் ஒன்றை வாங்கினேன். சுற்றினால் பாதி மாவாகிறது. மீதி முழுக் கம்பாகவே விழுகிறது. மாவு மில்லில் கொடுத்தாலோ முன்னால் அரைத்த மிளகாயின் நெடியோடு வருகிறது. இந்த இயந்திரத்தைச் சரிப்படுத்த முடியுமா? மோட்டார் பொருத்தலாமா?"

சரிப்படுத்த முடியும், மோட்டார் வேண்டாம். இந்த வகை இயந்திரத்தில் அசையாத பல் தட்டு ஒன்றும், கைப்பிடியோடு சேர்ந்து சுழலும் தட்டு ஒன்றும் எதிரெதிராக இருக்கின்றன; மேலே கொட்டும் தானியத்தைத் திருகுத்தண்டு இவ்விரண்டுக்கும் நடுவே தள்ளுகிறது. விலை குறைந்த இயந்திரங்களில் சுழலும் தட்டு சற்று ஆடும். அந்த ஆட்டத்தால் ஒரு பக்கம் இடைவெளி குறைந்து கம்பு மாவாகிறது, மறுபக்கம் இடைவெளி கூடி முழுமணி நழுவிவிடுகிறது. ஆட்டத்தை முழுவதும் நீக்க முடியாது என்பதால், ஒரே ஓட்டத்தில் நொய் எடுக்க நினைப்பதை விட்டு இரண்டு ஓட்டமாக உடைப்பதே வழி.

இடைவெளியை அளக்க ஏ.டி.எம். அட்டை போதும், அதன் தடிமன் 0.76 மில்லிமீட்டர். தட்டுகளின் விளிம்பில் இரண்டு அட்டைகளைச் சேர்த்து நுழைத்து, அவை இலேசாகப் பிடிக்கும் வரை, இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியை இறுக்கி முதல் ஓட்டத்தை முடியுங்கள். பிறகு ஒரே அட்டை பிடிக்கும் அளவுக்கு இறுக்கி மறுபடியும் விடுங்கள். தானியம் இறங்கும்போது தட்டு சற்றுப் பின்வாங்கும் என்பதால், ஒரு பிடி போட்டுப் பார்த்து, உள்ளங்கையில் பரப்பிச் சோதியுங்கள். ஒரு கம்பு மூன்று நான்கு துண்டாக உடைந்திருந்தால் அதுவே கூழுக்கான நொய். முழுமணி கண்ணில் பட்டால் திருகாணியைக் கால் சுற்று இறுக்குங்கள். கைப்பிடி கனத்து, மாவு புகையாகப் பறந்தால் அதே அளவு தளர்த்துங்கள்.

அரைப்பதற்கு முன் கம்பைப் பதப்படுத்துவதுதான் பலர் விட்டுவிடும் வேலை. கிலோவுக்கு நான்கு தேக்கரண்டி, அதாவது சுமார் 20 மில்லி தண்ணீரைத் தெளித்துப் பிசறி, கால் மணி நேரம் மூடி வைத்தால் மேல்தோல் மட்டும் நெகிழ்ந்து, உள்பகுதி காய்ந்தே இருக்கும். முதல் ஓட்டத்தில் தோல் பொடியாகாமல் ஏடாகப் பிரியும். முறத்தில் புடைத்தால் பெருமளவு போய்விடும். உரலில் தண்ணீர் தெளித்துக் குத்திய நம் பாட்டிமார் செய்ததும் இதைத்தான். வெளிநாடுகளில் வீட்டில் பீர் காய்ச்சுவோரும் இதே மலிவான இயந்திரத்தில் முளைகட்டி உலர்த்திய பார்லியை இப்படி ஈரம் காட்டி உடைப்பதுண்டு. ஆனால் அவர்கள் நோக்கம் வேறு. சாற்றை வடிக்கும்போது உமியே வடிகட்டியாக நிற்க வேண்டும் என்பதால் அதைக் கிழியாமல் காக்கிறார்கள். நமக்கோ தோல் கழன்று போக வேண்டும். தண்ணீர் கூடினால் மட்டும் கம்பு பசையாகித் திருகுத்தண்டில் அப்பிக்கொள்ளும்.

எவ்வளவு கவனித்தாலும் கொஞ்சம் மாவு விழத்தான் செய்யும். அதைச் சலித்து, கேழ்வரகு மாவோடு முதல் நாள் இரவே கரைத்துப் புளிக்க வைத்துவிடலாம். நொய்யோடு கலந்திருந்தால்தான் தொல்லை: மாவு அடிபிடித்துக் கட்டியாகும், நொய் வேகாமல் நிற்கும். கேழ்வரகையே இதில் மாவாக்க முயலாதீர்கள். அவ்வளவு சிறு மணியை நைசாக அரைக்கும் திறன் இந்தத் தட்டுகளுக்கு இல்லை.

மோட்டாரோ துளையிடும் கருவியோ பொருத்தினால், வேகத்தில் தட்டுகள் சூடாகி, தானியம் தீர்ந்த நொடியில் ஒன்றோடொன்று உரசி இரும்புத்தூள் உதிரும். கையால் சுற்றும்போதும் தானியமில்லாமல் இறுக்கிச் சுற்றக் கூடாது. புது இயந்திரத்தைச் சுடுநீரிலும் சோப்பிலும் கழுவி, உடனே துடைத்து வெயிலில் காயவைத்து, முதலில் இரண்டு பிடி மட்டமான அரிசியை அரைத்துக் கொட்டிவிடுங்கள். சமையல் மேடையின் கருங்கல்லில் நேராக மாட்டினால் கல் விரியலாம். மேலும் கீழும் பலகைத் துண்டு வைத்து இறுக்குங்கள்.

ஒவ்வொரு முறையும் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் உடைப்பது நல்லது. கம்பில் சுமார் 5 சதவீதம் கொழுப்பு உண்டு. மணி உடைந்ததும் அதிலுள்ள நொதி அந்தக் கொழுப்பைச் சிதைக்கத் தொடங்குவதால், மாவு சில நாளிலேயே கசந்து காறல் வாடை வீசும். நொய் சற்றுத் தாங்கும் என்றாலும், நிழலில் ஈரம் போக உலர்த்திக் குளிர்பெட்டியில் வையுங்கள். முதுநகர் உப்புக்காற்றுக்கு வார்ப்பிரும்பு ஒரே இரவில் துரு காட்டும் என்பதால், அரைத்து முடித்ததும் தட்டுகளைக் கழற்றி, தண்ணீர் படாமல் உலர்ந்த தூரிகையால் தட்டி, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டுவிடுங்கள்.